ஹாக்ஸன் கிராமம்: மிளகுச் சிமிழும் கைக்கோடாரியும் கிடைத்த மண்

வேவெனிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் நார்விச் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் லண்டன் போயிருந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 49ஆம் அறையில் ஒரு வெள்ளிச் சிமிழின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். அரைச் சாண் உயரம்தான் இருக்கும். ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம். மிக நுணுக்கமாகப் பின்னிய கூந்தல், இடையிடையே பொன்பூச்சு, ஒரு கையில் சுருட்டிய ஏடு. உள்ளே கூடு. அடியில் ஒரு வட்டத் தட்டு. அதைத் திருப்பினால் ஒரு நிலையில் முழுதும் மூடிக்கொள்ளும். இன்னொரு நிலையில் சிறு துளைகள் திறந்து தூள் தூவலாம். மூன்றாவது நிலையில் பெரிய வாய் திறக்கும், அதன் வழியாகத் தூளை நிரப்பிக்கொள்ளலாம். அந்தத் தூள் மிளகு. 1,600 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் ஒரு செல்வர் வீட்டு உணவு மேசையில் இருந்த சிமிழ் இது.

இது கிடைத்த ஊர் ஹாக்ஸன். சஃபக் மாவட்டத்தின் வட எல்லையில், வேவெனி ஆற்றின் தென்கரைப் பக்கம் இருக்கும் ஒரு பாரிஷ். நம் ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். விடுமுறை கிடைத்ததும் போய்ப் பார்த்தேன். கோதுமை வயல், ஒரு தேவாலயம், ஓர் ஓடை, அதன்மேல் சிறு பாலம். வெளியிலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியாது. ஆனால் இந்த ஒரு பாரிஷுக்குள் மூன்று பெரிய கதைகள் இருக்கின்றன: 1797இல் கிடைத்த கற்கருவிகள், 1992இல் கிடைத்த ரோமானியப் புதையல், 9ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட ஓர் அரசனின் நினைவு. இவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் பேச வேண்டும் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கொங்குக்காசு:

நல்ல இழை, அக்கா. பழங்காசு சேர்ப்பவன் என்ற முறையில் ஹாக்ஸன் என்றதும் எனக்கு எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும். மொத்தம் 14,865 காசுகள். அதில் பொற்காசு 569, செம்புக்கலவைக் காசு 24, மற்ற அனைத்தும் வெள்ளி. அவற்றோடு நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களுமாக ஏறத்தாழ 200 பொருள்கள்.

வெள்ளிக் காசுகளை அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலானவற்றின் ஓரத்தை யாரோ நறுக்கி எடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் இருந்த எழுத்துகள் போய்விட்டன. பேரரசரின் முகத்தில் மட்டும் கத்தரி படவில்லை. ரோமிலிருந்து புதுக் காசு வருவது நின்றுபோன காலத்தில், இருக்கும் காசிலேயே கொஞ்சம் வெள்ளியைச் சுரண்டி எடுத்து மேலும் காசு அடித்துக்கொண்டார்கள். முகம் இருக்கும் வரை காசு செல்லும் என்ற நம்பிக்கை அதில் தெரிகிறது.

இதற்கு நேர்மாறானது புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீதே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இங்கே அந்த முகத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை, பொன்னின் எடைக்குத்தான் மதிப்பு. இரண்டுக்கும் இடையே முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. ஆனாலும் ஒரே பேரரசின் காசை இரண்டு கோடியிலும் எப்படி நடத்தினார்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மிளகுக்கொடி:

சிமிழைப் பற்றி நான் சொல்கிறேன், என் ஆர்வமே மிளகு வணிகம்தான். ஹாக்ஸனில் மிளகுச் சிமிழ் ஒன்று இல்லை, நான்கு. சீமாட்டி ஒன்று. ஹெர்குலிஸ் அன்டீயஸ் என்ற அரக்கனைத் தூக்கி நெரிப்பது ஒன்று. காட்டாடு ஒன்று. முயலைக் கவ்வும் வேட்டைநாய் ஒன்று. அந்த மிளகு எங்கிருந்து வந்திருக்கும் என்பதில் ஐயமே இல்லை. கருமிளகு அன்று நம் மேற்கு மலைச்சரிவில் விளைந்ததுதான். சேரர் துறைமுகமான முசிறிக்கு யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினர் என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்றால் மிளகு. செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்துக் கோவிலில் ஓர் இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகை அப்படியே கண்டெடுத்தார்கள். அங்கிருந்து பாலைவனம் கடந்து நைல் ஆறு, அலெக்சாந்திரியா, ரோம், பிரிட்டன். ஆகவே ஹாக்ஸன் சிமிழ் நம் சங்க கால வணிகத்தின் கடைசிக் கண்ணி என்று துணிந்து சொல்லலாம்.

அடுக்குமண்:

மிளகுக்கொடி அவர்களே, ஓர் இடத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. புதையலில் மிகப் பிந்திய காசுகள் மூன்றாம் கான்ஸ்டன்டைன் என்பவர் பெயரில் கி.பி. 407–408இல் அடிக்கப்பட்டவை. ஆகவே புதையல் இருந்த பெட்டி புதைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். பெரனிகேயில் கிடைத்த சாடி முதல் நூற்றாண்டுக்கு உரியது. அகநானூற்றுப் பாட்டுக்கும் இந்தச் சிமிழுக்கும் இடையில் சில நூற்றாண்டுகள் இருக்கின்றன. மிளகு நம் பக்கத்திலிருந்து போனது உண்மை. "சங்க கால வணிகத்தின் கண்ணி" என்பது பொருந்தாது. காலத்தைத் தாண்டிக் கட்டும் பெருமை நிற்காது என்று நாற்பது ஆண்டு நிலவியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மிளகுக்கொடி:

ஐயா சொல்வது சரி. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் காலம் என்று நீங்கள் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதே 408ஆம் ஆண்டில்தான் கோத் இனத் தலைவர் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டார். முற்றுகையை விலக்கிக்கொள்ள அவர் கேட்ட பட்டியலில் 5,000 பவுண்டு பொன்னும் 30,000 பவுண்டு வெள்ளியும் பட்டாடைகளும் இருந்தன. கூடவே 3,000 பவுண்டு மிளகு. நகரத்தின் உயிருக்கு விலையாக மிளகு கேட்கப்பட்ட அதே ஆண்டிலோ அதற்குப் பின்னோ, வடக்கே ஹாக்ஸனில் ஒரு குடும்பம் நான்கு மிளகுச் சிமிழ்களைப் பெட்டியில் வைத்துப் புதைத்திருக்கிறது. அந்த வீட்டில் மிளகின் இடம் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அதற்கு முன்பே மிளகு பிரிட்டனில் பழகியிருந்தது. வடக்கே விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த, கி.பி. 100ஐ ஒட்டிய மரப்பலகைக் கணக்கு ஒன்றில் ஒரு ரோமானியப் படைவீரர் இரண்டு தெனாரியத்துக்கு (தெனாரியம் என்பது ரோமானிய வெள்ளிக் காசு) மிளகு வாங்கிய குறிப்பு இருக்கிறது.

தென்னஞ்சோலை:

யாராவது புதையல் கிடைத்த கதையைச் சொல்லுங்கள். சுத்தியல் ஒன்றைத் தேடப்போய்க் கிடைத்தது என்று எங்கோ படித்தேன். நம்ப முடியவில்லை.

வேவெனிக்கரை:

நம்பலாம். 1992 நவம்பர் 16. குத்தகைக்குப் பயிர் செய்த விவசாயி ஒருவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். ஓய்வுபெற்ற தோட்டக்காரரான நண்பர் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தார். அவரிடம் விவசாயி தேடித் தரச் சொன்னார். கருவி ஒலித்த இடத்தைத் தோண்டினால் வெள்ளிக் கரண்டி, பொன் நகை, காசு என்று வந்துகொண்டே இருந்தது.

நான் இந்த இழையைத் தொடங்கியதே இதற்கு அடுத்து நடந்ததைச் சொல்லத்தான். அவர் தோண்டுவதை நிறுத்தினார். நினைத்துப் பாருங்கள். கையில் பொன். குழிக்குள் இன்னும் மின்னுகிறது. நவம்பர் மாத மாலை, சீக்கிரம் இருட்டிவிடும். சுற்றிலும் யாரும் இல்லை. அந்த நிலையில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிலத்துக்கு உரிமையுள்ள மாவட்ட நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் தகவல் சொன்னார்கள். மறுநாளே சஃபக் தொல்லியல் குழு வந்து, செய்தி வெளியே பரவும் முன் அகழ்ந்து எடுத்தது. ஒட்டிக் கிடந்த பொருள்களை வயலில் வைத்துப் பிரிக்காமல் மண்ணோடு கட்டியாக வெட்டி எடுத்து, ஆய்வகத்தில் நிதானமாகப் பிரித்தார்கள்.

அதனால்தான் பெட்டியைப் பற்றியே நமக்குத் தெரிகிறது. மரம் மக்கிப்போயிருந்தது. ஆனாலும் அது ஓக் மரப் பெட்டி என்றும், ஏறத்தாழ 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்றும் கணக்கிட முடிந்தது. உள்ளே சிறு பெட்டிகள், அவற்றுக்குக் குட்டிக் குட்டி வெள்ளிப் பூட்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிண்ணங்களுக்கு நடுவே உரசாமல் இருக்க வைக்கோல். பதறி ஓடியவர்கள் அள்ளிப் போட்ட மூட்டையாக இது எனக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பாத்திரம் தெரிந்த ஒரு கை பொறுமையாக அடுக்கியிருக்கிறது. அந்தக் குழியை அன்றிரவே வாரி எடுத்திருந்தால் பொன் அப்படியே இருந்திருக்கும், அந்த வைக்கோல் மட்டும் இருந்திருக்காது.

சுத்தியலும் கிடைத்தது. அதையும் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

நெல்லைச்சீமை:

இந்த இடத்தில் நான் மாறுபடுகிறேன். 1993இல் புதையலின் மதிப்பை 17.5 லட்சம் பவுண்டு என்று கணக்கிட்டு, அத்தனையும் கண்டெடுத்தவருக்கு வெகுமதியாகக் கொடுத்தார்கள். இப்படிக் கொடுத்தால் ஊரில் உள்ளவர் எல்லாம் கருவியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கமாட்டார்களா? தொல்லியல் பயிற்சி இல்லாதவர் நிலத்தைத் தோண்டவே கூடாது என்று சட்டம் போட்டால்தான் மண் தப்பும். பணத்தைக் காட்டி நேர்மையை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

அடுக்குமண்:

தடை போட்டால் தோண்டுவது நிற்காது, சொல்வதுதான் நிற்கும். சஃபக்கிலேயே மில்டன்ஹால் என்ற ஊரில் 1942இல் உழவின்போது அற்புதமான ரோமானிய வெள்ளித் தட்டுகள் கிடைத்தன. 1946 வரை அது முறைப்படி வெளியே வரவில்லை. கிடைத்த இடத்தில் உரிய காலத்தில் ஆய்வு நடக்கவில்லை. பக்கத்து நார்ஃபக்கில் 1979இல் தெட்ஃபர்டு புதையல் கிடைத்ததையும் தாமதமாகச் சொன்னார்கள், அதற்குள் அந்த இடத்தின்மேல் கட்டடம் எழும்பிவிட்டது. இரண்டு இடத்திலும் பொருள் இருக்கிறது, மண்ணின் சாட்சி இல்லை.

ஹாக்ஸனில் வெகுமதி கிடைத்தவர் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். அன்றைய சட்டப்படி அவர் பகிர வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய சட்டத்தில் பொன், வெள்ளி மட்டுமே புதையல். அதுவும் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்ததாக இருக்க வேண்டும். 1996இல் இயற்றி 1997இல் நடைமுறைக்கு வந்த புதையல் சட்டம் இதை மாற்றியது. உடன் கிடைக்கும் மற்றப் பொருள்களும் இப்போது சேர்த்தி. 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வெகுமதியில் நில உரிமையாளருக்கும் பங்கு உண்டு. நான் இதை நேர்மைக்குக் கொடுக்கும் விலையாகப் பார்க்கவில்லை. நேர்மையாக நடப்பவர் நட்டப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடாகவே பார்க்கிறேன்.

நெல்லைச்சீமை:

ஐயா, தெட்ஃபர்டு எனக்குத் தெரியாது. கட்டடம் எழும்பிவிட்டது என்று படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனாலும் ஹாக்ஸனிலேயே செய்தி வெளியான பிறகு திருட்டுத்தனமாக அந்த வயலைத் தோண்டினார்கள் அல்லவா?

அடுக்குமண்:

உண்மை. இரவில் கருவியோடு வந்து தோண்டும் கூட்டத்தை அங்கே இரவுப்பருந்து என்ற பெயரில்தான் சொல்கிறார்கள். அதனால்தான் 1994இல் தொல்லியலாளர்கள் மீண்டும் வந்து அந்த இடத்தை ஆராய வேண்டியதாயிற்று. அதற்கு முன் 1993இல் வயலை உழுத பிறகு ஒருமுறை ஆராய்ந்தபோது, சிதறியிருந்த காசுகளும் கிடைத்தன. உங்கள் கவலை நியாயமானதுதான்.

கொங்குக்காசு:

அந்தக் குடும்பம் யார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கரண்டிகளில் பத்தில் "ஆரேலியஸ் உர்சிசினஸ்" என்ற பெயர் பொறித்திருக்கிறது. ஒரு பொன் வளையலில் எழுத்தையே பூவேலையாகக் குடைந்து, "யூலியானே சீமாட்டியே, இதை மகிழ்வோடு அணிக" என்ற பொருளில் லத்தீன் வாழ்த்து இருக்கிறது. சில பொருள்களில் கிறிஸ்துவக் குறிகளும் உண்டு. இருவரும் கணவன் மனைவி என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. பெயர் பொறித்த பொருள் கைமாறிக் கைமாறிக்கூட அந்தப் பெட்டிக்கு வந்திருக்கலாம்.

என்னை உறுத்துவது அந்தப் பெண்புலி. கெட்டி வெள்ளியில் வார்த்து, வரிகளைக் கருநிறக் கலவையால் பதித்திருக்கிறார்கள். அது தனிச் சிலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு பெரிய பாத்திரத்தின் கைப்பிடி அது. பாத்திரம் பெட்டியில் இல்லை. இவ்வளவு செல்வம் உள்ள வீட்டில் பெரிய தட்டுகளும் இருந்திருக்க வேண்டும், அவையும் இல்லை. சிறிய பொருள்களை மட்டும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றால் பெரியவை வேறெங்கோ போயிருக்கின்றன.

தென்னஞ்சோலை:

கற்கருவிகளை எல்லோரும் மறந்துவிட்டீர்களே!

அடுக்குமண்:

மறக்கவில்லை, தங்கையே. அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். என்னைக் கேட்டால் ஹாக்ஸனின் மிகப் பெரிய பொருள் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒரு கடிதம்.

1797இல் ஜான் ஃப்ரீர் என்ற நிலக்கிழார் ஹாக்ஸனில் செங்கல்லுக்கு மண் எடுக்கும் குழியைப் பார்த்தார். கூலியாட்கள் தோண்டும்போது முக்கோண வடிவில், இருபுறமும் செதுக்கிய தீக்கற்கள் வந்துகொண்டிருந்தன. இன்று கைக்கோடாரி என்று சொல்கிறோமே, அவைதான். அவற்றைக் கூடை கூடையாக அள்ளிப் பக்கத்துச் சாலையின் வண்டித் தடப் பள்ளத்தில் கொட்டி நிரப்பியிருந்தார்கள். ஃப்ரீர் இரண்டை எடுத்து லண்டன் தொல்பொருள் சங்கத்துக்கு அனுப்பினார். கல்லை மட்டும் அனுப்பியிருந்தால் அது அலமாரியில் கிடந்த இன்னொரு கல். அவர் குழியின் சுவரை அளந்து எழுதினார். மேலே ஒன்றரை அடி மேல்மண். அடுத்து ஏழரை அடி களிமண். அதன்கீழ் ஓர் அடி மணல், அதில் கிளிஞ்சல். அதற்கும் கீழே இரண்டடி சரளை. கருவிகள் இருந்தது அந்தச் சரளையில். மணலில் இனம் தெரியாத விலங்கு ஒன்றின் பெருத்த தாடையெலும்பு, பற்களோடு கிடைத்ததாகவும் குறித்தார். உலோகம் அறியாத மக்களின் ஆயுதங்கள் இவை, இப்போதைய உலகுக்கும் முந்திய மிகத் தொலைவான காலத்துக்கு இவற்றைக் கொண்டுபோகத் தோன்றுகிறது என்று முடித்தார்.

உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்று படித்தவர்களும் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1800இல் கடிதம் அச்சேறியது. யாரும் பொருட்படுத்தவில்லை. 1859இல் ஜான் எவன்ஸும் ஜோசப் பிரெஸ்ட்விச்சும் பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் இதே போன்ற கருவிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். லண்டன் சங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் ஃப்ரீரின் கற்கள் இருப்பதைக் கண்டு எவன்ஸ் திகைத்துப்போனார். அறுபது ஆண்டுக்கு மேலாக அங்கேயே இருந்திருக்கின்றன!

ஃப்ரீர் ஒன்றில் தவறினார். கிளிஞ்சலைப் பார்த்துக் கடல் என்று நினைத்துவிட்டார். பின்வந்த ஆய்வுகளின்படி அங்கே இருந்தது நன்னீர் ஏரி. பனிப்பாளம் பின்வாங்கியபோது மண்ணில் புதைந்து கிடந்த பனிக்கட்டி உருகி உண்டான பள்ளத்தில் அது தேங்கியது. 1950களில் அந்த ஏரிச்சேற்றின் மகரந்தத் துகள்களை ஆராய்ந்து எந்தெந்த மரம் எப்போது வளர்ந்தது என்று வரிசைப்படுத்தினார்கள். ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த வெப்ப காலத்துக்கே பிரிட்டிஷ் நிலவியலில் ஹாக்ஸன் காலம் என்று பெயர். ஒரு சிற்றூரின் பெயர் நிலத்தின் ஒரு யுகத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

1859க்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதன்பின் அத்திரம்பாக்கம். கல்லில் மனிதன் கை பட்டதை நம்பலாம் என்ற துணிவு உலகுக்கு வந்த பிறகு நடந்தவை அவை.

வேவெனிக்கரை:

ஐயா, அந்த அடி அளவுகளை இரண்டு முறை படித்தேன். நான் சொல்ல நினைத்ததும் அதேதான். ஃப்ரீருக்கும் அந்தத் தோட்டக்காரருக்கும் இடையே 195 ஆண்டுகள். இருவருமே பொருளைவிட அது கிடந்த இடத்துக்கு மரியாதை கொடுத்தார்கள். ஒரே ஊரில் இது இரண்டு முறை நடந்திருக்கிறது என்பதுதான் என்னை அந்த வயல் வரப்பில் நிற்க வைத்தது.

மிளகுக்கொடி:

அரசன் கதை பாக்கி.

வேவெனிக்கரை:

கிழக்கு ஆங்கிலியாவின் (இன்றைய சஃபக், நார்ஃபக் பகுதி) அரசர் எட்மண்ட். 869இல் டேனியர்களிடம் (வைக்கிங் படையினர்) பிடிபட்டு, மரத்தில் கட்டி அம்பெய்து, முள்ளம்பன்றி போல ஆன பின் தலை வெட்டப்பட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொன்னார்கள். வெட்டிய தலையை ஓர் ஓநாய் காத்ததாம். தேடி வந்தவர்களுக்கு அந்தத் தலையே "இங்கே, இங்கே" என்று குரல் கொடுத்ததாம். ஹாக்ஸன் மக்கள் தங்கள் ஊரில்தான் இது நடந்தது என்கிறார்கள். கோல்ட்புரூக் பாலத்தின் அடியில் அரசர் ஒளிந்திருந்தபோது, திருமணம் முடித்து வந்த இணையர் அவருடைய பொன் குதிமுள் (குதிரையைத் தூண்டக் குதிகாலில் அணிவது) தண்ணீரில் மின்னுவதைப் பார்த்துக் காட்டிக்கொடுத்தார்களாம். அதனால் மணமக்கள் அந்தப் பாலத்தைக் கடக்கக் கூடாது என்று ஒரு சாபம். வயலில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. அரசரைக் கட்டிய ஓக் மரம் 1848 ஆகஸ்டில் தன் பாரம் தாங்காமல் சாய்ந்த இடம் என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

அடுக்குமண்:

சான்று மெலிவானது, அம்மா. முதலில் எழுதிய அபோ துறவி குறிப்பிடும் இடம் ஹேகலிஸ்டன். ஹாக்ஸனோடு அந்தக் கதையை இணைக்கும் ஆவணம் 1101இல்தான் வருகிறது. பரி நகருக்கு அருகில் பிராட்ஃபீல்டு செயின்ட் கிளேர், நார்விச் பக்கம் ஹெல்ஸ்டன் என்று வேறு ஊர்களும் உரிமை கோருகின்றன.

வேவெனிக்கரை:

ஹெல்ஸ்டன் வழியாகத்தான் என் பஸ் தினமும் போகிறது! நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். எட்மண்ட் அங்கே இறந்தார் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் ஒன்பது நூற்றாண்டுகளாக ஒரு சிற்றூர் ஓர் ஓடையையும் ஒரு மரத்தையும் பெயர் சொல்லிக் காத்துவந்திருக்கிறது. அந்த நினைவும் அந்த ஊரின் தொல்பொருள்தான். பாலத்தின் மேல் நின்றபோது கீழே முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. பாசி படிந்த கல், அதன்மேல் ஓர் இலை. அவ்வளவுதான் பார்த்தேன். நகர மனம் வரவில்லை.

தென்னஞ்சோலை:

அடுத்த மே மாதம் கணவரோடு இங்கிலாந்து வருகிறேன். ஹாக்ஸனுக்கு எப்படிப் போவது, அக்கா?

வேவெனிக்கரை:

லண்டன்–நார்விச் ரயிலில் டிஸ் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து நான் காரில் அழைத்துப்போகிறேன். புதையல் கிடைத்த வயல் விவசாய நிலம், அதற்குள் இறங்கக் கூடாது. பாலம், சிலுவை இரண்டையும் பார்க்கலாம். தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். இடைக்காலச் சுவரோவியங்கள் இருக்கின்றன. குழந்தை ஏசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்டோபர் பாதி அழிந்த நிலையிலும் நெடிதாக நிற்கிறார். லண்டனில் ஒரு நாள் ஒதுக்கி 49ஆம் அறைக்கு முதலில் போய்விட்டு வந்தால் நல்லது.

அடுக்குமண் ஐயா, அடுத்த முறை போகும்போது உங்களுக்காக என்ன படம் எடுத்து அனுப்பட்டும்?

அடுக்குமண்:

மழை பெய்த மறுநாள் போனால், சாலையோரம் எங்காவது மண் சரிந்திருக்கும். அந்த வெட்டுமுகத்தை ஒரு படம். பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவையாவது வைத்து எடுங்கள், அம்மா.